வாசலில் வந்து கிடந்த பாலாக்

தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு பெரிய மரக்கட்டை, நாங்கள் பாலாக் என்போம், குறுக்கே கிடந்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து அம்மாவின் துளசி மாடத்தில் இடித்து நின்றிருந்தது. அப்பா கைத்தடியை ஊன்றிச் சேற்றில் மெதுவாக இறங்கினார். கட்டையின் முனையில் அப்பியிருந்த மண்ணை உள்ளங்கையால் வழித்துவிட்டுத் தடவிப் பார்த்தார். “மெராந்தி. செயின்சாவுல அறுத்தது. ஆனா இப்ப அறுத்தது இல்ல, ரொம்ப நாள் காட்டுல கிடந்திருக்கு” என்றார். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு, ஃப்ரிட்ஜ் கவிழ்ந்து கிடக்கிறது, சாமி படங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் அந்தக் கட்டையைவிட்டு நகரவே இல்லை.

அது 2021 டிசம்பர். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் காராக்கிற்குப் பக்கத்தில் எங்கள் கம்பம், அதாவது கிராமம். 18ஆம் தேதி சனிக்கிழமை பெய்த மழை எங்கள் பக்கத்தையும் பெந்தோங்கையும் ஷா ஆலாமையும் ஒரே நேரத்தில் மூழ்கடித்தது. அந்தப் பருவ வெள்ளங்களில் நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. எங்கள் ஆற்றில் வந்தது வெறும் தண்ணீர் இல்லை. பாலாக் கட்டைகள், வேரோடு பிடுங்கிய மரங்கள், மூங்கில் புதர்கள் எல்லாம் பாலத்தில் சிக்கி ஓர் அணைபோல அடைத்துக்கொண்டன. அந்த அடைப்பு உடைந்தபோதுதான் கெப்பாலா ஆயேர் வந்தது. மலாய்க்காரர்கள் சொல்லும் இந்த வார்த்தைக்குத் ‘தண்ணீரின் தலை’ என்று பொருள். சுவர்போல எழும்பி வரும் முதல் அலை அது. எங்கள் வரிசையில் 3 வீடுகளை அதுதான் தள்ளியது, மெதுவாக ஏறிய வெள்ளம் இல்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 20 வருடத்துக்கு மேல் காட்டு வேலை செய்தவர் அவர். முதலில் சான் தாய் வோங் ஓட்டினார். பழைய ராணுவ லோரியை மாற்றிக் கட்டிய வண்டி அது. மலைச்சரிவில் கிடக்கும் கட்டையை இரும்புக் கயிற்றால் இழுத்து, மத்தாவ் என்று சொல்லும் கட்டைக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அப்புறம் ரோட்டில் ஓடும் பாலாக் லோரிக்கு மாறினார். கொங்சி என்னும் வேலையாட்கள் குடிலில் தங்கி, மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். நாங்கள் 4 பிள்ளைகள் படித்தது அந்தக் காசில்தான். அதனால் மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும். மழையிலும் அட்டைக்கடியிலும் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளத்துக்கு அப்புறம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. “எல்லாம் காட்டை வெட்டியதால் வந்த வினை” என்றது ஒரு பக்கம். “இது நூறு வருடத்துக்கு ஒரு தடவை பெய்யும் மழை, கட்டைகள் எல்லாம் ஆற்றோரம் தானாக விழுந்த மரங்கள்” என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கைப்பேசியில் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அப்பா கேட்டார்: “யாராவது போய் எண்ணிப் பாத்தாங்களா?”

அடுத்த 3 நாள் நானும் தம்பியும் எண்ணினோம். பாலத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் கிடந்தவற்றில், கிட்டப் போக முடிந்த 61 பெரிய கட்டைகளை மட்டும். ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் படம் எடுத்தோம். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பாராங் கத்தியை வைத்துக்கொண்டோம். பார்க்க வேண்டியதை அப்பா முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டு முனையும் சமமாக அறுத்திருந்தால் அது வெட்டின கட்டை. ஒரு முனையில் வேர் இருந்தால் மண் சரிந்தோ ஆறு அரித்தோ விழுந்த மரம். நார் நாராகக் கிழிந்திருந்தால் முறிந்தது. சட்டப்படி வெளியே வரும் கட்டையின் முகத்தில் வனத்துறையின் சுத்தியல் முத்திரையும் சொத்துக்குறியும் இருக்கும், எண் எழுதிய வில்லையும் அடித்திருப்பார்கள். அறுத்த கட்டையில் முத்திரை இல்லையென்றால், மத்தாவுக்கே வராமல் காட்டில் விட்டுப்போனதாக இருக்கலாம், திருட்டுக் கட்டையாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொன்னார். செங்கால் மாதிரி கனமான மரம் தண்ணீரில் மூழ்கிவிடும், மிதந்து வருவது லேசான மரம்தான். கரையில் கிடப்பதை வைத்து மேலே என்ன வெட்டினார்கள் என்று முழுசாகக் கணக்குப் போட முடியாது.

எங்கள் 61இல் இரண்டு முனையும் அறுத்தவை 17. வேரோடு வந்தவை 29. மீதி முறிந்தவையோ மக்கியவையோ, அடையாளம் சொல்ல முடியாதவை.

இந்தக் கணக்கை ஊரில் சொன்னதும் இரண்டு பக்கமும் எங்கள் மேல் வருத்தப்பட்டார்கள். “29 மரம் வேரோடு வந்ததுன்னு சொன்னா கம்பெனிக்காரன் தப்பிச்சுக்குவானே” என்று ஒரு நண்பர் ரொம்பவே சங்கடப்பட்டார். ஆனால் வேரோடு வந்த மரம் யாரையும் விடுவித்துவிடாது. மலைக்காட்டில் மரம் வெட்டும்போது பெரிய சேதம் மரத்தை அறுப்பதால் வருவதில்லை, பாதை போடுவதால் வருகிறது. புல்டோசர் சரிவை வெட்டி வழி போடும், தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடும். அந்த மண் இறுகாது. ஓடைகளைத் தாண்டும் இடத்தில், உள்ளே பொத்தலான கட்டையைக் குழாய்மாதிரி போட்டு மேலே மண்ணைக் கொட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு ஓடையைத் திறந்துவிட வேண்டும். எடுக்காமல் போனால் சில மழைக்காலத்துக்கு அப்புறம் பொத்தல் அடைத்துக்கொள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கும், ஒரு பெரிய மழையில் பாதையும் ஓடையும் அதைச் சுற்றியிருந்த மரங்களும் ஒன்றாகக் கீழே இறங்கும். அந்த மரங்கள் வேரோடுதான் வரும்.

அப்படியென்றால் மழை காரணமே இல்லையா? மழைதான் முதல் காரணம். அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரே மழை மூடிய காட்டில் விழுவதும் கீறிப்போட்ட மண்ணில் விழுவதும் ஒன்றாகாது. மேட்டுப்பக்கம் இருக்கும் தெமுவான் என்னும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்களின் குடியிருப்பில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வெள்ளத்துக்கு 2 வருடம் முன்னாலேயே தங்கள் ஓடை தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறிவிட்டது, மீன் போய்விட்டது என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் ‘ம்’ கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்கு எச்சரிக்கை வேண்டுமென்றால் மேலே இருக்கிறவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்து நான் சொல்லப்போவது என் தொழில் சம்பந்தப்பட்டது. மெந்தகாப்பில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி இதழ், இதெல்லாம்தான் வழக்கமான வேலை. 2022இல் ஒரு தோட்ட நிறுவனத்துக்காகக் கோலாலம்பூர் விளம்பர ஏஜென்சி ஒன்று என்னைத் தேடி வந்தது. மலாயில் ஒரு கையேடு, அதைத் தமிழிலும் போட்டு அக்கம்பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளத்தில் என் இயந்திரங்களும் நனைந்திருந்தன, கடன் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

கையேடு 3 தடவை திருத்தி வந்தது. முதல் பிரதியில் ‘முழுவெட்டு செய்த பகுதியில் ரப்பர் நடவு’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘முழுவெட்டு’ காணாமல் போனது. மூன்றாவதில் அதே இடத்தில் ‘தரம் குறைந்த காட்டைச் செழுமைப்படுத்துதல்’ என்று நின்றது. படமும் மாறியது. முதலில் படிக்கட்டுபோல வெட்டிய செம்மண் மலையில் கன்றுகள், கடைசியில் ஓர் இருவாட்சிப் பறவை. மூன்று பிரதியிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்றுதான் அந்த ஏஜென்சிப் பெண் சொன்னார். நல்ல பெண், தன் வேலையைச் செய்தார். ஆனால் அந்த மூன்று பிரதிகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழில் அந்தச் சொற்களைத் தேடிப்பிடித்துப் போட்டவன் நான்தானே.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இந்தத் துறையில் புழங்கும் 4 சொற்களைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் சொல் ‘காடு’. 1992 ரியோ மாநாட்டில் மலேசியா தன் நிலப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் காடாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தது. இன்றும் பாதிக்கு மேல் காடு இருப்பதாகத்தான் கணக்கு. ஆனால் ஹுத்தான் சிம்பான் என்னும் வனக்காப்பகத்துக்குள் இயற்கைக் காட்டை மொட்டையடித்து, மரத்துக்காகவும் பாலுக்காகவும் ஒரே இன ரப்பரை வரிசையாக நட்டாலும், காகிதத்தில் அது காப்பகமாகவே இருக்கும். இதற்குப் பெயர் லாடாங் ஹுத்தான், காட்டுத் தோட்டம். 15 வருடத்தில் 3,75,000 ஹெக்டர் இப்படி நடுவது என்று மத்திய அரசே 2000களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கியது. இயற்கைக் காட்டிலிருந்து மரம் எடுப்பதைக் குறைக்கலாம் என்பதுதான் நோக்கம், அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் நட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். நடுவதற்கு முன்னால் அங்கே நின்ற காட்டை வெட்டி விற்பதில்தான் உடனடிப் பணம் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். நிரந்தர வனக்காப்பகங்களில் 2022 முதல் குறைந்தது 15 வருடத்துக்குப் புதிய காட்டுத் தோட்டம் திறப்பதில்லை என்று 2021 டிசம்பரில் தேசிய நில மன்றம் முடிவெடுத்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அதே மாதம். ‘புதிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இரண்டாவது, ‘தேர்ந்தெடுத்து வெட்டுதல்’. தீபகற்ப மலேசியாவில் 1978இல் வந்த முறை இது. வெட்டுவதற்கு முன் மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும். மெராந்தி வகையறாவில் குறைந்தது 50 சென்டிமீட்டர், மற்றவற்றில் 45 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால்தான் தொடலாம். தாய்மரங்களை விட வேண்டும். ஒரு தடவை வெட்டினால் 30 வருடம் கழித்துத்தான் திரும்ப வர வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நல்ல முறை. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு பெரிய மரம் தனியாக விழாது என்றும் சொல்கிறார். கொடிகள் பின்னியிருக்கும், சுற்றியுள்ளதையும் இழுத்துக்கொண்டுதான் விழும். முன்கூட்டியே கொடிகளை அறுத்துவிட்டு, விழும் திசையைச் சரியாகப் பிடித்தால் சேதம் குறையும். கூலி கட்டைக் கணக்கில் கொடுக்கப்பட்டால் அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே ‘தேர்ந்தெடுத்து வெட்டுகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், எத்தனை மரம் வெட்டினீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை கிலோமீட்டர் பாதை போட்டீர்கள், வேலை முடிந்ததும் எத்தனை ஓடைக் கடவுகளை எடுத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ‘சான்றிதழ்’. மலேசிய மரச் சான்றிதழ் மன்றம் 1998இல் அமைந்தது, அதன் திட்டத்தை 2009இல் பிஇஎஃப்சி என்ற பன்னாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் வெறும் காகிதம் என்று நான் சொல்லமாட்டேன், தணிக்கைக்காரர்கள் காட்டுக்குள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் காட்டுப் பகுதிக்கான சான்றிதழ் வேறு, கட்டை எங்கிருந்து யார் யார் கை மாறி வந்தது என்று ஆலைக்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு. கையேட்டின் மூலையில் ஒரு பச்சை முத்திரை இருந்தால், அது யார் பெயரில், எந்தப் பகுதிக்கு, எந்தத் தேதி வரைக்கும் என்று மூன்றையும் பாருங்கள். தணிக்கை அறிக்கையின் சுருக்கம் பொதுவில் கிடைக்கும். நான் அச்சடித்த கையேட்டில் இருந்த முத்திரை ஆலைக்கு உரியது, எங்கள் மலைக்கு இல்லை.

நான்காவது ‘மரம் நடுதல்’. இதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. அந்த நிறுவனம் தமிழ்ப்பள்ளியில் 100 கன்று நட்டது, பிள்ளைகளுக்குத் தொப்பி கொடுத்தது. கன்றுகள் பள்ளிக்கூடத்துக்கு நல்லது. மலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது கையேட்டுக்கு அவர்கள் வந்தபோது, நான் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: எந்த வனக்காப்பகம், அதற்குள் எந்தக் கொம்பார்ட்மென் (எண்ணிட்ட காட்டுப் பிரிவு), எத்தனை ஹெக்டர் முழுவெட்டு. மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள், வேலை வேறு அச்சகத்துக்குப் போனது. வீட்டில் ஒரு வாரம் பேச்சு இல்லை. என் மனைவியின் கவலை நியாயமானது, இயந்திரத் தவணை பாக்கி இருந்தது. இதை எழுதுவதற்குக் காரணம், வேலையை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல அல்ல. அந்தக் கேள்வியை முதல் கையேட்டின்போதே கேட்டிருக்க வேண்டும், அப்போது ஒருவேளை சேர்த்திருப்பார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் பிரதிக்கு அப்புறம் யாரும் எதையும் சேர்ப்பதில்லை.

அந்த நிறுவனத்தின் மரவெட்டு பற்றி ஊர் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் கத்தல்தான். நிறுவனத்தின் ஆள் அதற்குத் தயாராகவே வந்திருந்தார், எவ்வளவு கத்தினாலும் சிரித்த முகத்தோடு நின்றார். “நீங்கள் காட்டை அழிக்கிறீர்களா?” என்று கேட்டால் அவரிடம் 10 நிமிடப் பதில் இருக்கிறது. எங்கள் கம்பத்து மலாய் ஆசிரியை ஒருவர் எழுந்து, “இந்த உரிமத்தின் எண் என்ன, எந்தத் தேதியில் முடிகிறது?” என்று கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வனத்துறை அதிகாரிதான் கோப்பைத் திறந்து வாசித்தார். அன்று கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான ஒரே விஷயம் அந்த எண்தான். அதை வைத்துத்தான் பிறகு எழுத்துமூலம் கேட்க முடிந்தது.

கோபத்தை யாரிடம் காட்டுவது என்பதிலும் எங்களுக்குக் குழப்பம் இருந்தது. கோலாலம்பூருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தோம். அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. உரிமம் கொடுப்பதும், பிரீமியமும் ராயல்டியும் வாங்குவதும் மாநில அரசு. காட்டை நிறுத்தி வைத்தால் மாநிலத்துக்கு வருமானம் இல்லை, வெட்டினால் உண்டு. அதனால்தான் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் ஏற்பாடு 2019இல் 6 கோடி ரிங்கிட்டுடன் தொடங்கியது, பின்னால் அது கூடியது. எல்லா மாநிலமும் பங்கு போட்டால் ஒரு பெரிய வெட்டு உரிமத்தின் வருமானத்துக்கு முன்னால் அது சின்னத் தொகை. மனு எழுதுகிறவர்கள் மாநில வனத்துறைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும்தான் முதலில் எழுத வேண்டும், சுற்றுச்சூழல் துறைக்கு நகல் போட வேண்டும். 500 ஹெக்டர் அல்லது அதற்கு மேல் வெட்டினால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்று 1987 ஆணையிலேயே இருந்தது, 2015இல் விதிகள் மாறின. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளாக உரிமம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

செயற்கைக்கோள் படம் பார்க்கவும் தம்பி கற்றுக்கொண்டான். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இலவசம். ஆனால் வயதான ரப்பரையோ செம்பனையையோ வெட்டி மறுநடவு செய்தாலும் அதில் மர இழப்பு என்றே சிவப்பாகக் காட்டும். நாங்கள் முதல் தடவை ஆவேசமாக எடுத்துக்கொண்டு போன சிவப்புத் திட்டு, யாரோ ஒரு சிறுதோட்டக்காரர் மறுநடவு செய்த நிலம். அதிகாரி அதைச் சுட்டிக்காட்டியதும் எங்கள் மற்ற ஆதாரங்களுக்கும் மதிப்புப் போய்விட்டது, திரும்பச் சம்பாதிக்க ஆறு மாதம் ஆனது. அதனால் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். படத்தில் பார்த்த இடத்தை, காப்பக எல்லைக்கு வெளியே நின்றாவது, ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் புகார் எழுதுவதில்லை.

வாசலில் கிடந்த மெராந்தியை ஒரு தச்சர் விலைக்குக் கேட்டார். வனத்துறையிடம் கேட்காமல் தொடக்கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். சில வாரம் கழித்து லோரி வந்து எல்லாக் கட்டைகளையும் ஏற்றிப் போனது. படங்கள் எடுத்து வைத்திருக்காவிட்டால் எங்களிடம் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இப்போது பள்ளிப் பிள்ளைகள் திங்கட்கிழமைதோறும் பாலத்தடியில் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். தேதி எழுதி ஒட்டி, அறிவியல் அறையின் ஜன்னலோரம் வரிசையாக வைக்கிறார்கள். மேலே தெமுவான் குடியிருப்பிலும் ஒரு பாட்டில் பிடிக்கிறார்கள். மழை பெய்த வாரம் கலங்கலாக இருக்கும், மழை இல்லாத வாரம் தெளிவாக இருக்கும். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, 9 நாள் மழையே இல்லாத நேரத்தில், இரண்டு பாட்டிலும் தே தாரிக் நிறத்தில் இருந்தன. ஆசிரியர் எனக்குப் போன் செய்தார், நான் சிநேகிதருக்குப் போன் செய்தேன், அவர் ஓடையோரமாக ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புதுப் பாதை. அன்று மத்தியானமே உரிம எண்ணைப் போட்டு, இரண்டு பாட்டிலின் படத்தையும் இணைத்து, வனத்துறைக்கு எழுதினோம். ஐந்தாம் நாள் ஓர் அதிகாரி வந்தார். அப்பா அவரை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், முதல் பாட்டிலிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.